நுரை இல்லாத இடம்

ஏட்டையா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரிடம் யாரும் பேசக்கூடாது. பேசினால் திட்டமாட்டார். இடது கையை மட்டும் லேசாகத் தூக்குவார். அந்தக் கைக்கு அவருடைய இன்ஸ்பெக்டரே வாயை மூடிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மேலே ஒரு பார்வை, காலடியில் ஓடுகிற தண்ணீரில் ஒரு பார்வை, மறுபடி மேலே. பிறகு ஒரே ஒரு சொல் வரும். ஒன்று "இறங்கலாம்", இல்லாவிட்டால் "இறங்காத". ஏன், எதற்கு என்றெல்லாம் கேட்டால் பதில் கிடைக்காது.

தென்காசியில் எங்களுக்கு எதிர்வீடு. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். புளியறை செக்போஸ்ட், கடையம் ஸ்டேஷன் என்று எங்கெங்கோ மாற்றலில் போனாலும், ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் குற்றாலத்து அருவிப் பாதுகாப்புக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் சீசனில் காலை ஆறு மணிக்கு மெயின் அருவியில் போய் நிற்பார். சம்பளம் கிடையாது, யூனிபாரம் கிடையாது. கழுத்தில் ஒரு விசில். பணியில் இருக்கிற போலீஸ்காரப் பையன்கள் ஓரக்கண்ணால் இவரைப் பார்த்துவிட்டுத்தான் தடுப்புக் கயிற்றைக் கட்டுவார்கள்.

ஊரில் பாதிப் பேரிடம் அவர் நம்பர் இருந்தது. விடிந்தால் போன் அடிக்கும். "ஏட்டையா, மதுரையில இருந்து சொந்தக்காரங்க வந்திருக்காங்க. ஐந்தருவில இறங்கலாமா?" மனுஷன் மொட்டைமாடிக்குப் போவார், மலையைப் பார்ப்பார், சொல்வார். அவர் மனைவியை நாங்கள் ஏட்டம்மா என்போம். அந்த அம்மா சலித்துக்கொள்வார்: "நீ வேற! வீட்டுக் குழாயில தண்ணி வந்தாக்கூட, குடத்தை வைக்கலாமா வேண்டாமான்னு இவரு பாத்துச் சொன்ன பொறவுதான் நான் வைக்கணும்."

நான் அவரை முதலில் பார்த்தது கல்யாணமான புதிதில், அருவியில் குளிக்கத் தலையில் எண்ணெய் தேய்த்திருந்தபோது. மெயின் அருவியில் பெண்கள் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நல்ல வெயில். தண்ணீர் நூலாகத்தான் விழுந்தது. திடீரென்று விசில். எல்லோரும் வெளியே வரவேண்டுமாம். ஆண்கள் பக்கம் ஒரு ஆள் வம்பு பண்ணினார். சென்னைக்காரர், பார்த்தால் பெரிய உத்தியோகம் மாதிரி இருந்தது. "வானம் வெளுத்துக் கிடக்கு, ஒரு பொட்டு மழை இல்ல. என்ன சார் காரணம்? ரூல் எங்க இருக்கு, காட்டுங்க" என்று கத்தினார். ஏட்டையா பதிலே சொல்லாமல் அவர் இடுப்புத் துண்டைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வெளியே விட்டார். அந்த ஆள் மானம் போன கோபத்தில் புகார் கொடுக்கப் பேனா தேடிக்கொண்டிருந்தபோது மேலே இரைச்சல் கேட்டது. தண்ணீர் செம்மண் நிறத்தில், அருவியின் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி வந்து விழுந்தது. கூடவே மரக்கிளை, கல். இரண்டு நிமிஷத்துக்கு முன் நான் நின்ற இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு கட்டை கிடந்தது. எனக்கு எண்ணெயெல்லாம் வியர்வையாக ஓடியது.

"எங்க எதுத்த வீட்டு ஏட்டையாதான் அது" என்று என் கணவர் சொன்னார். அவரே பெற்று வளர்த்தது போலப் பெருமை.

எப்படித் தெரிந்தது என்று ஒருநாள் காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டேன். அன்று நல்ல மனநிலையில் இருந்திருக்கவேண்டும், சொன்னார்: "ரெண்டு எலை வந்துச்சும்மா. பழுத்த எலை வந்தா அது காத்துக்கு விழுந்தது. பச்சை எலை வந்தா மேல எங்கனயோ மரம் முறிஞ்சிருக்கு. மரத்தை முறிச்ச தண்ணி பின்னால வருதுன்னு அர்த்தம்."

எப்போதும் அவர் கணக்குச் சரியாக இருந்தது என்று சொல்லமாட்டேன். இலத்தூரில் ஒரு கல்யாண வீட்டார் மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார்கள். இவர் "இறங்காத" என்று சொல்லிவிட்டார். அன்று முழுக்க அருவி பசுமாடு மாதிரி இருந்தது, ஒன்றும் வரவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமா இவர் வீட்டு வாசலுக்கே வந்து சத்தம் போட்டார். ஏட்டையா நகம் வெட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "வரல்லயா? சந்தோஷம். போய்ச் சாப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான். தப்பாகிவிட்டதே என்று முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அதை நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அவருடைய "இறங்காத" எத்தனையோ முறை பொய்யாகியிருக்கிறது. அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, குளிக்காமல் வீட்டுக்குப் போவார்கள். ஆனால் அவர் "இறங்கலாம்" என்று சொன்னது ஒருமுறைகூடத் தப்பியதில்லை. முப்பது வருஷமாகத் தப்பாத சொல். அதனால்தான் அவருக்குத் தன்மேல் சந்தேகமே வரவில்லை. எங்களுக்கும் வரவில்லை.

என் கணவர் தபால் துறையில் இருந்தார். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற எல்டிசி பயணச் சலுகையில் அந்தமான் போகலாம் என்று முடிவானதும், ஏட்டையாவையும் ஏட்டம்மாவையும் சேர்த்துக்கொண்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. "வாழ்க்கை பூராவும் மத்தவங்க குளிக்கிறதுக்குக் காவல் காத்தவரு. ஒரு தடவை அவரும் வந்து பாக்கட்டும்" என்றார். ஏட்டையாவுக்குத் தெரிந்த கடல் திருச்செந்தூர்தான். அதிலும் முழங்கால் தண்ணீரில் நின்று மூன்று முழுக்கு, பிறகு நேரே நாழிக்கிணறு. கடல்மேல் அவருக்குப் பெரிய மதிப்பு கிடையாது. "கடல்ல என்ன இருக்கு? வரும், போகும். மேல இருந்து விழுததுக்குத்தான் பயப்படணும்" என்பார்.

போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போகிற ஒரு சின்னத் தீவு. ஆட்டோக்காரர் தமிழர். கூட்டமில்லாத இடமாகக் காட்டு என்று ஏட்டையா கேட்டதால், காட்டுக்குள் போகிற ஒரு பாதையின் முடிவில் கொண்டுபோய் விட்டார். ஒன்பது வருஷம் ஆகிறது. இன்னும் கண்ணை மூடினால் அந்தக் கடற்கரை வந்துவிடுகிறது. மணல் இடியாப்ப மாவு மாதிரி. கடலைப் பார்க்கச் சாய்ந்த பெரிய பெரிய மரங்கள். எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. குற்றாலத்தில் காலை வைக்கிற இடமெல்லாம் ஷாம்பு பாக்கெட். இங்கே கண்ணுக்கு எட்டியவரை ஒரு குப்பை கிடையாது.

"சோப்பு வாடை இல்லாத தண்ணியை இன்னைக்குத்தாம்மா பாக்கேன்" என்றார் ஏட்டையா.

ஆட்டோக்காரர் தயங்கினார். "சார், குளிக்கணும்னா பெரிய பீச்சுக்குப் போயிரலாம். அங்க லைஃப் கார்டு நிக்கிறாங்க. இங்க வர்றவங்க சும்மா பாத்துட்டுப் போயிருவாங்க."

"லைஃப் கார்டா? முப்பது வருஷம் நான் என்ன வேலை பாத்தேன்னு நெனக்க?" என்றார் ஏட்டையா. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. ஆட்டோக்காரரும் சிரித்துவிட்டு, பிறகு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

ஏட்டையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நின்றார். கால்மணி நேரம் இருக்கும். இடதுபக்கம் அலை உடைந்து வெள்ளையாக நுரை தள்ளியது, வலதுபக்கமும் அப்படியே. நடுவில் ஒரு தெரு அகலத்துக்கு மட்டும் அலையே இல்லை. நுரை இல்லை. குளம் மாதிரிக் கிடந்தது. என் கணவர் ஏதோ கேட்கப் போனார், இடது கை தூக்கப்பட்டது. மரத்திலிருந்து உதிர்ந்த ஒரு இலை அந்த அமைதியான தண்ணீரில் மிதந்து, மெல்ல மெல்லக் கரையைவிட்டுக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலை அங்கிட்டுப் போகுது. நம்மளப் பாத்து எதுவும் வரல்ல. நல்ல தண்ணி" என்றார். காரணத்தையும் சேர்த்து அவர் சொன்னது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு என் கணவரிடம், "லே தம்பி, நுரை தள்ளுத பக்கம் போகாத. இங்கன இறங்கு. இறங்கலாம்."

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. தாகம் என்று அழுதாள். சாலை ஓரத்தில் வரும்போது பார்த்த இளநீர்க் கடைக்கு அவளையும் ஏட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு நடந்தேன். கடைக்காரப் பெண்ணும் தமிழ். அவளுடைய அப்பா காலத்தில் தூத்துக்குடியிலிருந்து வந்த குடும்பமாம். ஊர்ப் பேச்சு பேசிக்கொண்டு இளநீர் குடித்தோம். விசில் கேட்டது. "இங்கயும் ஆரம்பிச்சிட்டாரா?" என்றார் ஏட்டம்மா. மறுபடியும் சிரித்தோம். விசில் நிற்கவில்லை. அது நிற்காமல் கேட்கக் கேட்கத்தான் இளநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

ஓடிப்போய்ப் பார்த்தபோது ஏட்டையா நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார், விசில் வாயில் இருந்தது. கடலில் யாரும் இல்லை.

சாயங்காலம் வரை படகுகள் தேடின. நான் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா இறங்கினாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அலை உடையாத இடத்துலதாம்மா கடல் திரும்பிப் போகும். அங்கதான் இழுக்கும். எங்க ஊர்ச் சின்னப் புள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இழுத்தாலும் கரையைப் பாத்து நீந்தக்கூடாது. பக்கவாட்டுல ரெண்டு தென்னைமரத் தூரம் போனாப் போதும், விட்டுரும். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. நுரைப் பக்கம் போயிருந்தால் என் கணவர் நாலு குடம் உப்புத்தண்ணீர் குடித்துவிட்டுக் கரையில் வந்து விழுந்திருப்பார். மறுநாள் காலையில் தீவின் அடுத்த பக்கத்தில் உடல் ஒதுங்கியது. தென்காசிக்குக் கொண்டுவர மூன்று நாள் ஆனது.

சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர்களிடம் ஏட்டையா அழுதுகொண்டே சொன்னார்: "நல்ல எடமாப் பாத்துத்தான் இறக்குனேன். குளம் மாதிரித் தண்ணி. பாதியில பயந்துட்டான். தண்ணியில பயந்துட்டா ஒண்ணும் செய்ய முடியாது." அவர் சொன்னால் சொன்னதுதான். அருவித் தண்ணீரின் போக்கை அறிந்த மனுஷன் சொல்கிறார். என் மாமியார்கூட, "எம்புள்ளை சின்னதுலயே பயந்த சுபாவம்தான்" என்று ஒப்பாரிக்கு நடுவில் சொன்னார். அது பொய். கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிக்கிறவர் அவர். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று எட்டு வருஷம் எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏட்டையா வேண்டுமென்று செய்யவில்லை. வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் எனக்காகக் காலையிலிருந்து நின்றது அவர்தான். கருணை அடிப்படையில் எனக்குத் தபால் ஆபீஸில் வேலை கிடைக்கிறவரை அலைந்தது அவர்தான். என் மகளை மொபெட்டில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது அவர்தான். சாகக் கிடந்த எத்தனையோ பேரை இழுத்துப் போட்ட மனுஷனிடம், நீதான் என் புருஷனைக் கொன்றாய் என்று சொன்னால் அவர் அன்றைக்கே செத்துவிடுவார் என்று நினைத்தேன். இரக்கப்பட்டேன். சில நாள் அவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக் குடிக்கும்போது அந்த டம்ளரைப் பிடுங்கி எறியவேண்டும் போலவும் இருக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் எனக்கு இருந்தது.

ஒன்றை மட்டும் கவனித்தேன். அந்தமானிலிருந்து வந்தபிறகு அவர் வாயிலிருந்து "இறங்கலாம்" என்ற சொல் வரவேயில்லை. போனில் கேட்டால் "இறங்காத" என்பார். நச்சரித்தால், "அங்க டியூட்டியில நிக்குத போலீஸ்காரங்க என்ன சொல்லுதாங்களோ அதைக் கேளு" என்று வைத்துவிடுவார். வயதாகிவிட்டது, தைரியம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் சீசனில் என் மகள் தோழிகளோடு பழைய குற்றாலம் போய்விட்டு நனையாமல் திரும்பி வந்தாள். பதினாலு வயது. தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் கேலி பண்ணுதாங்கம்மா. எனக்கும் அப்பா மாதிரிப் பயந்த ரத்தம்."

"அப்படி யாரு சொன்னா?"

"ஏட்டையாத் தாத்தாதான் எப்பவும் சொல்லுவாங்களே, அப்பா பயந்துட்டாங்கன்னு." கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னாள்: "நான்னு ஒரு சின்னப்புள்ளை இருக்கேன்னு நெனச்சிருந்தா பயப்படாம வந்திருப்பாங்கல்ல? எனக்குச் சில நேரம் அப்பா மேல கோவம் கோவமா வருது."

பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தேன். ஏட்டையா வீட்டில் தனியாக இருந்தார், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அலை இல்லாத இடத்தில்தான் கடல் இழுக்குமாம் என்றேன். அன்றைக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும் என்றேன். எட்டு வருஷம் பொத்தி வைத்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மனுஷன் உடைந்து விழுந்தால் பிடித்துக்கொள்ளக்கூடத் தயாராக இருந்தேன்.

அவர் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும்மா" என்றார். "அந்த எளநிக் கடைக்காரி மறுநா காலையில எங்கிட்டயும் சொல்லிட்டா."

எனக்கு முதலில் புரியவே இல்லை.

"தெரிஞ்சுக்கிட்டேயா துட்டி வீட்டுல உக்காந்து அவரு பயந்தாருன்னு சொன்னீங்க?"

"உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ள விடுவியா? அந்தப் புள்ளையை எங்கிட்டக் குடுப்பியா?" என்றார். பிறகு, "முப்பது வருஷத்துல ஒரே ஒரு வாட்டிம்மா" என்றார். அந்த ஒன்று யார் என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறவர் மாதிரி இருந்தது. நான் அத்தனை வருஷம் பட்ட இரக்கத்தையெல்லாம் அந்த இடத்திலேயே தூக்கி எறிந்தேன்.

"எனக்கு நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம். அவ அவங்க அப்பாவை வெறுக்க ஆரம்பிச்சிட்டா. இன்னைக்கே வந்து அவகிட்ட சொல்லணும். நீங்க சொன்னா மட்டும்தான் நம்புவா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஐந்து மணிக்கு வந்தார். குளித்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார். என் மகள் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "வாங்க தாத்தா" என்று நாற்காலியில் கிடந்த புத்தகங்களை எடுத்தாள். அவர் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் ஐந்தருவியில் தண்ணீர் எப்படி, பரீட்சை எப்போது என்று என்னென்னவோ கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தாயி, உங்கப்பன் பயந்தான்னு நான் சொன்னது பொய்" என்றார் கடைசியில். "இழுக்குத எடத்தைக் காட்டி இறங்கச் சொன்னது நான்தான். அவன் நான் சொன்னதைத்தான் கேட்டான்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்போ அப்பா பயப்படவே இல்லையா?"

"இல்லட்டி. பயந்திருந்தா அங்கிட்டும் இங்கிட்டும் கையைக் காலை அடிச்சிருப்பான். அடிச்சிருந்தா பக்கவாட்டுல ஒதுங்கியிருப்பான், கடல் விட்டிருக்கும். அவன் அசரவே இல்ல. நான் கரையில நின்னு, நேரா வா, என்னையப் பாத்து நேரா வான்னு கையைக் காட்டிக்கிட்டே இருந்தேன். அருவியில, ஆத்துல அப்படித்தான் காட்டுவோம். அவனும் என் கையைவிட்டுக் கண்ணை எடுக்காம நேராவே நீந்துனான். கை ஓயுத வரைக்கும் நேராத்தான் நீந்துனான்."

இது எனக்கும் தெரியாது. கடைக்காரப் பெண்ணுக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்தான்.

என் மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏட்டையா கூடத்தின் நடுவில் அப்படியே நின்றார். நாற்காலியின் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். நான் அவரை உட்காரச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த நாலு மாதத்திலும் சொல்லவில்லை.